டச் பேனலா, பழைய புரொஜெக்டரா: எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளியின் ஒரு கணக்கு

எங்கள் பள்ளியில் 1999-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் போன டிசம்பரில் ஒன்றுகூடினார்கள். சாப்பாடு, குரூப் போட்டோ எல்லாம் முடிந்த பிறகு, பள்ளிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தருகிறோம், ஆனால் அது கணக்குப் பாடத்துக்குத்தான் செலவாக வேண்டும் என்றார்கள். கணக்கில் கோட்டை விட்டவர்கள் தங்கள் பேட்ச்சில்தான் அதிகம் என்று அவர்களே சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த வாரம் பி.டி.ஏ. கூட்டம். பேச்சு தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே "ஒரு டச் பேனல் வாங்கிப் போட்டுருவோம்" (விரலால் தொட்டு இயக்கும், பெரிய டிவி மாதிரியான திரை) என்பது முடிவாகிவிட்ட மாதிரி ஆனது. உயர்நிலைப் பிரிவுக்குக் கணக்கு எடுப்பவள் என்ற முறையில் இரண்டு மாதம் அவகாசம் கேட்டு வாங்கினேன். அதற்குள் நான் விசாரித்ததும் வகுப்பில் போட்டுப் பார்த்ததும்தான் இங்கே எழுதியிருப்பது.

பள்ளி இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். பாடத்திட்டம் கேரளத்துடையது, பயிற்றுமொழி தமிழ், பிள்ளைகள் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், கடைத்தெருவில் பேசுவது பாதி மலையாளம். எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு இந்தக் கலவைதான் கடைசியில் பதில் சொன்னது. ஆனால் நானும் எல்லோரையும் போலக் கருவியிலிருந்துதான் தொடங்கினேன்.

முதலில், கையில் இருப்பது என்ன? 2018-ல் கேரள அரசின் ஹைடெக் பள்ளித் திட்டத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர், ஸ்பீக்கர் வந்தன. எங்களுக்கும் வந்தது. லேப்டாப்பில் இருப்பது, பள்ளிகளின் கணினி வேலைகளைப் பார்க்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை ஒட்டிச் செய்த கைட் லினக்ஸ் இயங்குதளம். அதிலேயே, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கும் கணக்கு மென்பொருளான ஜியோஜீப்ரா இருக்கிறது. ஆக நாங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. கேள்வி, இருப்பதற்குப் பதிலாக ஒன்றை வாங்குவதா, இருப்பதோடு ஒன்றைச் சேர்ப்பதா என்பதுதான்.

பேனலுக்கு நியாயமாக மார்க் போட்டுவிடுகிறேன். பகல் வெளிச்சத்தில் ஜன்னலைச் சாத்தாமல் தெளிவாகத் தெரியும். எழுதுகிறவரின் நிழல் திரையில் விழாது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் தொடலாம். விளக்கு மாற்றும் வேலையும் இல்லை. 75 அங்குலப் பேனலுக்கு எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகள் ஒன்றேகால் லட்சத்தில் தொடங்கின.

75 அங்குலம் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். அது மூலைவிட்டத்தின் அளவு என்பதைக் கணக்கு டீச்சராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். அகலம் 166 சென்டிமீட்டர், உயரம் 93. எங்கள் புரொஜெக்டர் சுவரில் விழும் படம் எட்டு அடிக்கு நாலரை அடி, அதாவது 244-க்கு 137. பரப்பளவு பேனலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கடைசி பெஞ்சுக்கும் சுவருக்கும் ஏழு மீட்டர். விற்பவர்கள் காட்டிய மாதிரிப் பேனலில் ஒரு பின்னத்தை எழுதிவிட்டுக் கடைசி பெஞ்ச் தூரத்துக்குப் போய் நின்று பார்த்தேன். மேலே 3-ஆ 8-ஆ என்று கண்ணைச் சுருக்கித்தான் சொல்ல முடிந்தது.

இன்னொன்று, விற்பவர்கள் தாமாகச் சொல்லாத விஷயம். லேப்டாப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிளை மட்டும் செருகினால் பேனலில் படம் வரும், தொட்டால் ஒன்றும் நடக்காது. தொடுவதை லேப்டாப்புக்குச் சொல்ல யு.எஸ்.பி. கேபிள் ஒன்று தனியாகப் போக வேண்டும். வேறொரு ஊரில் ஒரு தனியார் பள்ளிக்குப் பார்க்கப் போனபோது, அந்த இரண்டாவது கேபிள் தொலைந்து எட்டு மாதமாகப் பேனலை டிவியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் எண்ணிக்கை. எங்களுக்கு ஆறு டிவிஷன். பேனல் ஒன்று. அது ஒரு அறையில் மாட்டப்படும், அப்புறம் மற்ற ஐந்து டிவிஷனும் பெல் அடித்ததும் அங்கே ஊர்வலம் போக வேண்டும். நாற்பது நிமிட பீரியடில் ஏழெட்டு நிமிடம் நடையிலேயே கரைந்துவிடும்.

இரண்டாவது வழி, புரொஜெக்டரோடு சேர்ந்து வேலை செய்யும் பழைய வகை இன்டராக்டிவ் போர்டு. இதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. படம் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் பேனா ஒரு இடத்தில், கோடு வேறு இடத்தில். மறுபடியும் மூலைக்கு மூலை புள்ளி தொட்டுச் சரிசெய்ய வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் இங்கே எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்கள், உத்தரத்தில் தொங்கும் புரொஜெக்டரை நம்பி அதை வாங்க மாட்டார்கள்.

மூன்றாவது வழியைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. இருக்கிற புரொஜெக்டர், மேட் பூச்சுள்ள ஒயிட்போர்டு, நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பென் டேப்லெட் (மேலே பேனாவால் எழுதினால் திரையில் தெரியும் சிறு பலகை), அதற்கு ஐந்து மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன். மேட் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பளபளப்பான சாதா ஒயிட்போர்டில் புரொஜெக்டரைப் போட்டால் நடுவில் ஒரு குட்டிச் சூரியன் உதிக்கும், இடது வரிசைப் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. மேட் போர்டில் படத்தின் மேலேயே மார்க்கரால் எழுதலாம். ஜியோஜீப்ரா முக்கோணத்தைக் காட்டிக்கொண்டே அதன் பக்கத்தில் கையால் நிரூபணம் எழுதுவது பேனலில் கிடைக்காத சுகம்.

பென் டேப்லெட்டை வாங்கியது ஓவியம் வரைய அல்ல, அதைக் கைமாற்றி விடலாம் என்பதற்காக. இதற்குக் காரணம் ஒரு பழைய ஆய்வு. லண்டன் மேல்நிலைப் பள்ளிகளில் 2003–04-ல் அரசுப் பணத்தில் இன்டராக்டிவ் போர்டுகள் பெருமளவில் மாட்டப்பட்டன. லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவனம் அதை ஆராய்ந்து 2007-ல் அறிக்கை கொடுத்தது. முதலாண்டில் மதிப்பெண்ணில் தெளிவான உயர்வு எதுவும் தெரியவில்லை. எனக்கு அதைவிட உறைத்தது வேறொரு கவனிப்பு: மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வகுப்புகளில், ஒவ்வொருவராக எழுந்து போர்டுக்கு வந்து தொட்டுவிட்டுப் போவதால் பாடத்தின் வேகமே குறைந்திருக்கிறது. நம் ஊர் வகுப்பில் இது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யவே வேண்டியதில்லை. ஒருவன் எழுந்து வருவான், நடுவில் ஒரு பை தட்டும், ஒருத்தன் காலை நீட்டுவான், மூன்று பேர் சிரிப்பார்கள். டேப்லெட் என்றால் அது பெஞ்சுக்குப் போகும், பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்தே திரையில் வரையும்.

பத்தாம் வகுப்பு வட்டங்கள் பாடத்தில் இதைப் பார்த்தேன். கேரளப் பாடநூல் இந்த இடத்தை அழகாகக் கட்டியிருக்கிறது. ஒரு விட்டத்தின் இரு முனைகளையும் ஒரு புள்ளியோடு இணைத்தால், புள்ளி வட்டத்தின் மேல் இருந்தால் செங்கோணம், உள்ளே போனால் அதைவிடப் பெரிது, வெளியே போனால் சிறிது. கரும்பலகையில் நான் இதற்கு மூன்று படம் போடுவேன், பிள்ளைகள் நான் சொல்கிறேனே என்று நம்புவார்கள். இந்த முறை ஜியோஜீப்ராவில் வட்டத்தையே மறைத்துவிட்டேன். திரையில் இரண்டு நிலையான புள்ளிகள், இழுக்கக்கூடிய மூன்றாவது புள்ளி, அங்கே உண்டாகும் கோணத்தின் அளவு, அவ்வளவுதான். "கோணம் 90 காட்டுற இடத்துல ஒரு புள்ளி வை, அடுத்தவங்களுக்குக் கொடு." இருபத்து மூன்று பேர்.

முதல் ஐந்தாறு புள்ளிகள் சிதறிக் கிடந்தன. பத்தாவது புள்ளி விழுந்ததும் முன்பெஞ்சில் ஒருத்தி விரலால் காற்றில் வளைவு போட ஆரம்பித்தாள். பதினைந்தில் வகுப்பே "அரைவட்டம்" என்றது. பதினாறாவது பையன் வேண்டுமென்றே புள்ளியைக் கோட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனான். திரையில் 270 என்று வந்தது. எனக்கும் ஒரு நொடி புரியவில்லை. ஜியோஜீப்ரா கோணத்தை ஒரே திசையில் சுற்றி அளக்கும், அதனால் கீழே போனால் பின்பக்கக் கோணத்தைக் காட்டும். கோணத்தின் பண்புகளில் 0 முதல் 180 வரை என்று மாற்றிவிட வேண்டும், நான் மறந்திருந்தேன். மாற்றியதும் 90. "அப்ப கீழயும் வருமுங்களா டீச்சர்?" என்றான். மீதி ஏழு பேரும் கீழேதான் வைத்தார்கள். அதற்குப் பிறகு மறைத்த வட்டத்தைக் காட்டினேன். (தசமத்தை முழு எண்ணாக்கி வைப்பதும் அவசியம். இல்லையென்றால் 90.00-க்காக ஆளுக்கு இரண்டு நிமிடம் மல்லுக்கட்டுவார்கள்.)

இதே பாடத்தைப் பேனலில் செய்திருக்க முடியாதா என்றால், முடியும். இருபத்து மூன்று பேர் எழுந்து வந்து போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி எங்களை உண்மையில் படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். கருவி எதுவாக இருந்தாலும் அதில் எதைப் போடுவது?

கைட் நிறுவனத்தின் சமக்ரா தளத்தில் எங்கள் பாடநூலுக்கு ஏற்ற வரிசையில் பாடப்பொருள்கள் இருக்கின்றன. பாடத்திட்டப் பொருத்தத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் அதிகம். எங்கள் பிள்ளைகளுக்குத்தான் மலையாளம் புரியுமே என்பார்கள். புரியும், அதில்தான் வம்பு. மலையாளத்தில் சதுரம் என்றால் நம்முடைய செவ்வகம். நம்முடைய சதுரம் அவர்களுக்குச் சமசதுரம். ஏழாம் வகுப்பில் ஒரு மலையாளப் பயிற்சியைப் போட்டபோது குரல் "சதுரத்தின்றெ பரப்பளவு" என்றது, நீளம் 8, அகலம் 5. பரப்பளவு இரண்டு மொழிக்கும் பொதுச்சொல், ஆகவே பிள்ளைகளுக்குச் சந்தேகமே வரவில்லை. பாதிப் பேர் எட்டை எட்டால் பெருக்கினார்கள். ஒருத்தி மட்டும் "சதுரத்துக்கு எதுக்கு டீச்சர் ரெண்டு அளவு?" என்று கேட்டாள்.

முழுக்க அந்நியமான மொழி என்றால் பிள்ளை நின்று கேட்கும். பாதி தெரிந்த மொழியில் தவறு சத்தமில்லாமல் நுழைந்துவிடும். ஆரம், நாண், சுற்றளவு எல்லாம் இருபக்கமும் ஒன்றே. ஆனால் வட்டம் அங்கே விருத்தம், விட்டம் அங்கே வியாசம், பின்னத்தின் தொகுதியும் பகுதியும் அங்கே அம்சமும் சேதமும். எது ஒன்று, எது வேறு என்று ஒரு பட்டியலைச் சார்ட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன், சதுரத்துக்கு மட்டும் சிவப்பு மை.

சரி, அந்தப் பக்கத்துச் சரக்கை எடுத்தால்? தமிழ்நாட்டுப் பாடநூல்களின் க்யூ.ஆர். கோடு வழியே வருபவையும், 2023-ல் வந்த மணற்கேணி செயலியும் நல்ல தமிழில் இருக்கின்றன. கலைச்சொல் நமக்குப் பழகியது. வீட்டில் போனில் பார்க்கச் சொல்ல இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பாட வரிசை வேறு, எந்த வகுப்பில் எது வருகிறது என்பதும் மாறும், எங்கள் பத்தாம் வகுப்புக்கு அவர்களின் ஒன்பதில் தேட வேண்டியிருக்கும். அதைவிட, பெரும்பாலும் அவை காணொளிப் பாடங்கள். பார்க்கலாம், நிறுத்தலாம், திரும்பப் போடலாம், கைவைத்து இழுக்க முடியாது. காணொளிக்கு டச் போர்டு எதற்கு?

இப்படி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான், வார்த்தையே இல்லாதது எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய பெட் (PhET) உருவகங்கள், அதாவது திரையில் இழுத்து மாற்றிப் பார்க்கும் மாதிரிகள், அப்படிப்பட்டவை. பின்னம், பரப்பு, நேர்கோட்டு வரைபடம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இருக்கின்றன. இலவசம், ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமல் பிரௌசரில் ஓடும். பரப்பு மாதிரியில் 12 × 13-ஐப் போட்டு, 10-உம் 2-உம், 10-உம் 3-உமாக வெட்டினால் 100, 30, 20, 6 என்று நான்கு கட்டம் நிற்கும். படிக்க வேண்டிய சொல் ஒன்றுமில்லை, பேச வேண்டியதை நான் தமிழில் பேசிக்கொள்வேன். எட்டாம் வகுப்பு முற்றொருமைக்கு அதிலிருந்து ஒரே எட்டு.

ஜியோஜீப்ராவில் நான் எழுதும் தமிழ்தான் திரையில் இருக்கும். ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தம் பட்ட ஆய்வாகத் தொடங்கியது அது. கேரளத்தில் ஐ.சி.டி. பாடநூலிலேயே வருவதால் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. இதன் குறை, பாடம் தயாராகக் கிடைக்காது. ஒரு நல்ல கோப்பு செய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போகிறது. ஆனால் செய்தால் நம் ஊர் கணக்கைப் போடலாம். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் தரவேண்டும். அதைப் பன்னிரண்டு மாதத்துக்கு நேர்கோடாகப் போட்டேன், மாதம் சுமார் 0.6. நொடிக்கு எத்தனை கன அடி என்று கேட்டால் 230 வரும். "மாசாமாசம் ஒரே மாதிரியெல்லாம் வராதுங்க டீச்சர்" என்றது வகுப்பு. எல்லாம் தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். அப்படியானால் எப்படி வரும், வரைந்து காட்டு என்று டேப்லெட்டைக் கொடுத்தேன். நேர்கோட்டின் கீழும் மேலுமாகப் படிக்கட்டு மாதிரி ஒன்று வந்தது. சாய்வு என்ற சொல்லுக்கு அன்றைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வெறும் எழுதுபலகையாக ஓப்பன்போர்டு போதும். சுவிட்சர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முளைத்த இலவச மென்பொருள், லினக்ஸில் ஓடும், அளவுகோல், பாகைமானி, கவராயம் மூன்றும் உள்ளேயே உண்டு, எழுதியதை பி.டி.எஃப். ஆக்கி வராத பிள்ளைக்கு அனுப்பலாம். பேனல் கம்பெனிகள் சேர்த்துத் தரும் மென்பொருளைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம் ஒரு பழைய காயம். 2012 வாக்கில் நான் சேர்த்து வைத்த கணக்கு விளையாட்டுகள் எல்லாம் பிளாஷ் என்ற மென்பொருளில் செய்தவை. பிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்தப்பட்டது, எட்டு வருடச் சேகரிப்பு ஒரே புத்தாண்டில் வெறும் ஐகான்களாகிவிட்டது. ஒரு கம்பெனியின் போர்டில் மட்டும் திறக்கும் கோப்பில் இனி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடப் போட மாட்டேன்.

புரொஜெக்டர் விளக்கு எத்தனை நாளைக்கு என்று எச்.எம். கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு நாளைக்கு ஐந்து பீரியடு, நாற்பது நிமிடம், 200 நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 667 மணி நேரம். விளக்கின் ஆயுள் 5,000 மணி என்று வைத்தாலே ஏழு ஆண்டு தாண்டும். எங்களுடையவை அந்த வயதை எட்டிக்கொண்டிருப்பதால், மிச்சமாகும் பணத்தை இதற்கென்றே ஒதுக்கச் சொன்னேன்.

ஆறு வகுப்புக்கும் டேப்லெட் 24,000, மேட் போர்டு 36,000, புரொஜெக்டர் படம் பகலில் தெரிய ஜன்னல்களுக்குத் திரைச்சீலை 24,000. மொத்தம் 84,000. மீதி 66,000 விளக்குக்கும் ரிப்பேருக்கும். பழைய மாணவர்கள் சார்பில் வந்தவர் தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "டீச்சர், இதுல எதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுக்கறது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. ஒரு டேப்லெட்டை அவர் கையில் கொடுத்து அந்த 90 பாகைக் கோப்பைத் திறந்து விட்டேன். கீழ்ப்பக்கம் புள்ளி வைக்க அவருக்கும் தோன்றியது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் தோற்றுவிட்டேன், தோற்றது சரியும்கூட. ஒன்றாம் வகுப்பு டீச்சர், தனக்கு டேப்லெட் வேண்டாம், பேனல்தான் வேண்டும் என்றார். கையில் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு எழுதுவது ஆறு வயசுக் குழந்தைக்கு வராது. எண்ணைத் தொட்டு இழுத்துக் கூடையில் போட வேண்டும், விரல் பட்ட இடத்தில் எண் இருக்க வேண்டும். அவர்கள் வகுப்பில் பதினான்கே பேர், புரொஜெக்டரும் இல்லை. அங்கே வரிசையில் வந்து தொடுவதே பாதிப் பாடம். ஒரு 55 அங்குலப் பேனலுக்குப் பஞ்சாயத்தில் கேட்டுப் பார்ப்பதாக வார்டு மெம்பர் சொல்லியிருக்கிறார். மாட்டினால் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போகக்கூடாது என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டோம், இல்லையென்றால் பெரியவர்கள் உயரத்துக்கு மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சனிக்கிழமை கறுப்புத் துணி எடுக்கப் பொள்ளாச்சி போகிறேன். ஒரு அறைக்கு நாலு ஜன்னல், ஆறு அறை. துணியின் அகலம் தெரியாமல் மீட்டர் கணக்கைப் போட முடியவில்லை, அதை ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமைக் கேள்வியாக விட்டிருக்கிறேன்.